நிப்பிசிங்கில வோல்ஐ: எந்த றொட், எந்தத் தங்கூசி?

கேள்வி:
ஜனவரியில ஒன்ராறியோவில இருக்கிற நிப்பிசிங் ஏரிக்கு, வோல்ஐ எண்ட மீனுக்கு ஐஸ் மீன்பிடிக்கப் போறம். கோடையில பாவிக்கிற ஆறடி றொட் (தூண்டில் தடி) காணுமா? பிரெயிட் (பின்னின தங்கூசி) போடலாமா?

பதில்:
தம்பி, ஆறடி வேண்டாம். ஐஸில போட்ட துளைக்குப் பக்கத்தில குந்தியிருந்து பிடிக்கிறது, 28–30 அங்குலம் காணும். மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), ஃபாஸ்ட் அக்சன் (நுனிப்பக்கம் மட்டும் வளையிறது) எடுங்கோ. குளிர்தண்ணியில வோல்ஐ அநேகமா வெட்டி இழுக்காது. வாயில வைச்சபடி நிக்கும், நுனி லேசாப் பாரமாகும், அவ்வளவுதான். அதைக் காட்ட மெல்லிய நுனி வேணும். முள்ளு ஏற நடு றொட் விறைப்பா இருக்கவேணும்.
பிரெயிட் தண்ணியைப் பிடிச்சுவைக்கும். வெட்டவெளியில -20 பாகை எண்டா றொட் வளையங்களில ஐஸ் கட்டி, தங்கூசி ஓடாது. அங்க 6 இறாத்தல் தாங்கிற மோனோதான் (ஒற்றை இழைத் தங்கூசி).

இன்னொரு பதில்:
ஐஸுக்கு மேல ஹீற்றர் உள்ள குடிலெண்டா நான் பிரெயிட்தான் சொல்லுவன், கடி கையில உடன தெரியும். முனையில சின்னச் சுவிவல் (சுழலுற இணைப்பு), பிறகு ரெண்டடி 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் (தண்ணிக்குள்ள லேசில தெரியாத தங்கூசி). ஜிக் (பாரம் வைச்ச முள்ளு) சுழண்டாலும் முறுக்காது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ரெண்டாவது றொட்?

பதில்:
மெல்லிசா ஒண்டு. உயிர் மீன்குஞ்சு கொளுவி, அடியிலயிருந்து ஓரடி மேல சும்மா விடுங்கோ. குஞ்சை அந்தப் பகுதியிலயே வாங்குங்கோ, வேற மீனிரை வலயத்தில இருந்து கொண்டுபோகக் கூடாது. பொழுதுபடேக்க குடிலை விட்டு எழும்பாதேங்கோ, அதுதான் வோல்ஐ வாற நேரம்.