மாமரச் சருகை அப்படியே மண்ணில் புதைக்கலாமா?

தாம்பரத்துத் தோட்டம்:
பின்கட்டில் ஒரு மாமரமும் ஒரு நாட்டு பாதாமும் நிற்கின்றன. தினமும் கூட்டிக் குவிக்கிற சருகைக் கொளுத்த மனமில்லை. மட்கு உரத்தொட்டி வைக்க இடமும் இல்லை. செம்மண் வேறு, வெயிலில் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. குழி வெட்டிப் புதைத்தால் மண் தேறுமா? கரையான் வரும் என்று அம்மா பயமுறுத்துகிறார்.

கீரைப்பாத்தி:
தாராளமாகப் புதையுங்கள். ஓர் அடி ஆழம், மண்வெட்டி அகலத்துக்கு ஒரு வாய்க்கால் போதும். ஆனால் வெறும் சருகு வேண்டாம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், மேலே நட்ட செடி வெளிறிப்போகும். சருகோடு பச்சைப்புல், காய்கறித் தோல் கலந்து, சாணிக்கரைசல் ஊற்றி மூடுங்கள். பாதாம் இலை தடிமனானது, நொறுக்கிப் போடுங்கள். ஆடியில் புதைத்தால் ஐப்பசி மழையிலும் ஊறி, தையில் கத்தரி வைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

மண்வெட்டி:
கோரைக்கிழங்கைத் தப்பித்தவறியும் உள்ளே போடாதீர்கள். புதைத்தாலும் முளைத்து வரும். அருகம்புல் வேரும் அப்படியே.

தாம்பரத்துத் தோட்டம்:
சரி, கரையான்?

கீரைப்பாத்தி:
தடித்த கிளை, மட்டை எதையும் புதைக்காதீர்கள். சுவரை ஒட்டித் தோண்டாமல் தள்ளித் தோண்டுங்கள். மாமரத்து அடியிலும் வேண்டாம், வேர் அறுபடும். அம்மாவிடம் முதலில் ஒரு குழிக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்!