மானியத்தில் வந்த ஃப்ரிட்ஜ்

ஃபிலிவாசி:
அமெரிக்காவில் தெருமுனைச் சின்னக் கடைகளுக்கான மூலைக்கடைத் திட்டம் இங்கே பலருக்குத் தெரிந்ததுதான். கடைக்குச் சின்ன ஃப்ரிட்ஜ் தருவார்கள், பதிலுக்குக் காய்கறி, பழம் விற்க வேண்டும். தன்னார்வலராகக் கடை கடையாகப் போய்ச் சரிபார்த்தேன். வடக்கு ஃபிலடெல்பியாவில் ஒரு கடை, குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால் கல்லா. ஃப்ரிட்ஜ் கதவில் காய்கறி ஸ்டிக்கர், உள்ளே மூன்று தட்டு சோடா. அடித்தட்டில் நான்கு எலுமிச்சம்பழம், வதங்கிய லெட்டூஸ் ஒன்று. கையில் படிவத்தோடு நிற்கிறேன், ஒரு பாட்டி வந்து தக்காளி ஒன்று மட்டும் கிடைக்குமா என்றார். கடைக்காரர் பின்னறைக்குப் போய், தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தக்காளியை எடுத்துவந்து கண்ணாடி ஓட்டை வழியாக நீட்டினார். காசு வாங்கவில்லை. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? கடைசியில் 'காய்கறி இல்லை' என்றுதான் போட்டேன்.

கடைக்காரன்_ஜெர்சி:
சோடா அடுக்கியிருக்கிறான் என்று எழுதுவது சுலபம். ஃப்ரிட்ஜ் தந்தவர்கள் கரண்ட் பில் கட்டுவதில்லை. சோடாவைக் கம்பெனி ஆளே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகிறான். காய்கறிக்கு நான்தான் விடியுமுன் மொத்த மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். அங்கே பெட்டிக் கணக்குதான். ஒரு வாரம் 60 கட்டுக் கொத்தமல்லி வாங்கினேன், விற்றது 11. மிச்சத்தை வீட்டில் துவையல், சட்னி, மறுபடி துவையல். பிள்ளைகள் தட்டைப் பார்த்ததும் எழுந்து போனார்கள்.

மிச்சிகன் மீனா:
இரட்டிப்பு டோக்கன் 2009-ல் டெட்ராய்ட்டில் ஐந்து சந்தைகளில் ஆரம்பித்தது. ஸ்நாப் என்ற அரசு உணவு உதவி கார்டில் 10 டாலர் தேய்த்தால் இன்னொரு 10 டாலருக்குக் காய்கறி, பழம். எங்கள் ஊருக்கு அப்புறம்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை டோக்கன் கொடுக்கும் மேசையில் நான்தான் இருந்தேன். அந்த சீசனின் பணம் தீர்ந்துவிட்டது, கையால் எழுதிய அட்டையை நானேதான் ஒட்டினேன். பீச் பழம் எடுத்துவிட்டு டோக்கன் வாங்க வந்த ஒரு அம்மா அதைப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்ப் பையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக விவசாயியின் கூடையில் வைத்தார், அடிபடாமல், மெதுவாக. ஐந்தாவதோடு நிறுத்தி, மீதிக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

சுந்தர்_ஒஹாயோ:
என் கதை ஒரு வரி: எங்கள் குழு பக்கம் பக்கமாக எழுதியும் மானியம் கிடைக்கவில்லை, எங்கள் பங்குப் பணத்துக்கு உறுதி சொல்லும் ஈடுதொகைக் கடிதம் வைக்க மறந்துவிட்டோம். அதனால் சொல்கிறேன். மீனா சொன்ன மாதிரி ஊக்கத்தொகைத் திட்டங்களுக்குப் பணம் தரும் கஸ்நிப் என்ற மத்திய அரசு மானியத்தில், அரசு ஒரு டாலர் தந்தால் நீங்களும் ஒரு டாலர் காட்ட வேண்டும். முதலில் அதைத் தேடுங்கள். பல மானியங்களில் நீங்கள் செலவழித்த பிறகுதான் பில்லுக்குப் பணம் வரும், கையிருப்பு இல்லாதவர் இறங்க வேண்டாம். மத்திய அரசுப் பதிவு எண் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்டு வரும் மெயிலுக்குப் பதில் போடாதீர்கள். கரண்ட், அழுகல், ஆள் கூலி மூன்றையும் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். ஃபிலிவாசி, ஃப்ரிட்ஜையே பெரிதாக நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் புது சூப்பர் மார்க்கெட் திறந்தும் அக்கம்பக்கத்தார் சாப்பிடும் காய்கறி அளவு கூடவில்லை என்று 2014-ல் ஆய்வே வந்தது. விலையைக் குறைக்காமல் அலமாரியை நிரப்பி என்ன பயன்? கடைக்காரரே, பக்கத்துக் கடையோடு பங்கு போட்டுப் பெட்டி வாங்குங்கள்.

ஃபிலிவாசி:
அண்ணே, நான் விண்ணப்பம் எதுவும் போடப் போவதில்லை. அந்தத் தக்காளியைத்தான் சொல்ல வந்தேன்.

கடைக்காரன்_ஜெர்சி:
பங்கு கேட்டுப் போனேன் சார். அவரும் அந்த வாரம் கொத்தமல்லிதான் வாங்கியிருந்தார்.