எலிக்கு வைட்டமின் டி கொடுத்தால் பிரஷர் குறையுமாம், அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார்

பாலக்கோட்டான்:
அம்மாவுக்கு 58 வயது, ஆறு வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் கால் வலிக்கு ரத்தம் பார்த்ததில் வைட்டமின் டி 11 என்று குறைவாக வந்தது. வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் பொடி, எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதுவரை சரி. அப்புறம் சித்தி வாட்ஸ்அப்பில், வைட்டமின் டி பிரஷரைக் குறைக்கும், எலியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று ஒன்றை அனுப்ப, அம்மா பி.பி. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் குடிக்கிறார். இன்றோடு பத்து நாள். தினமும் தக்காளித் தோட்டத்தில் நிற்கிறவருக்கு டி எப்படிக் குறையும் என்பதே எனக்குப் புரியவில்லை. அந்த எலி விஷயம் உண்மையா?

ஓசூர் அக்கா:
தம்பி, முதலில் இன்றைக்கே பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை எழுதிய டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போ. மற்றதை அப்புறம் படி.

நான் பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் மூன்று வருடம் எலி அறையில் இருந்தவள். எலிக்குப் பிரஷர் பார்ப்பதே பெரிய பாடு. குழாய் மாதிரி ஒன்றில் அதை நுழையவிட்டு, வாலைச் சூடாக்கி, வாலடியில் மோதிரம் அளவுக்கு ஒரு பட்டையை மாட்ட வேண்டும். பயந்திருந்தால் அளவு ஏறிவிடும், அதனால் சில நாள் சும்மா குழாயில் உட்காரப் பழக்குவோம்.

அந்தச் செய்தியில் எந்த எலி என்று இருக்கிறதா? 1963-ல் கியோட்டோவில் ஒகமோட்டோவும் அவோகியும் விஸ்டார் என்ற ஆய்வக எலி ரகத்தில் பிரஷர் அதிகமுள்ளவற்றையே இணை சேர்த்து ஒரு வம்சத்தை உண்டாக்கினார்கள், அதற்கு உப்பே வேண்டாம், வளர வளரப் பிரஷர் தானாக ஏறும். அதன் சிறுநீரில் கால்சியம் அதிகம் போகும், தீனியில் கால்சியம் கூட்டினால் பிரஷர் கொஞ்சம் இறங்கும். அமெரிக்காவில் லூயிஸ் டால் உருவாக்கிய எலி வேறு ரகம், உப்பு போட்டால்தான் ஏறும்.

எனக்கு டால் எலிதான் சுவாரசியம். வைட்டமின் டி கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்துதான் முழு வேலைக்கு வரும். நடுவில் ரத்தத்தில் ஒரு புரதம் அதைச் சுமந்துகொண்டு போகும். உப்புத் தீனி தின்ற டால் எலிக்குச் சிறுநீரக வடிகட்டி கெட்டுப் போய், அந்தப் புரதம் டி-யையும் தூக்கிக்கொண்டு சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. அதாவது டி குறைந்ததால் பிரஷர் வந்தது என்று நீ நினைப்பாய், அங்கே உப்பு சிறுநீரகத்தைக் கெடுத்ததில் டி போயிருக்கும். மறுபக்கமும் உண்டு, மறைக்கவில்லை: 2002-ல் சிகாகோவில், செல்லுக்குள் டி-யை ஏற்கும் புரதமே இல்லாத சுண்டெலிகளில், பிரஷரை ஏற்றிவிடும் ரெனின் என்ற சிறுநீரகச் சுரப்பு கூடி பிரஷரும் ஏறியது. ஆனால் மனிதர்களிடம் நடந்த 46 பரிசோதனைகளை 2015-ல் சேர்த்துப் பார்த்தபோது, டி கொடுத்ததால் பிரஷர் குறையவில்லை.

தோட்டத்துக்கு அம்மா எப்படிப் போவார், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகத்தானே? வெயில் துணி மேல்தான் படுகிறது.

காவேரிப்பட்டணம் மருந்துக்கடை:
அக்கா சொன்னதோடு ஒன்று. அந்தப் பொடியை எட்டு வாரம் என்றால் எட்டு வாரத்தோடு நிறுத்துங்க. நல்லாயிருக்கு என்று மாதக்கணக்கில் வாங்கிக் குடிக்கிறவர்களைக் கடையில் தினமும் பார்க்கிறேன். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், தாகம், மலச்சிக்கல், வாந்தி எல்லாம் வரும். பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா? சில நீர் மாத்திரைகள் கால்சியத்தை உள்ளேயே நிறுத்தும், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

பாலக்கோட்டான்:
போய்வந்தோம். 168/102. நல்ல திட்டு, அம்மாவுக்கும் எனக்கும். மாத்திரை மறுபடி ஆரம்பித்தாயிற்று, பொடி எட்டு வாரம்தான். அம்மாவுக்கு அக்காவின் பதிலைப் படித்துக் காட்டினேன், எலிக்கு எவ்வளவு உப்பு போட்டார்கள் என்று கேட்கிறார்.

ஓசூர் அக்கா:
நூறு கிராம் தீனிக்கு எட்டு கிராம் வரை போடுவார்கள். களிக்குத் தொட்டுக்கொள்கிற மாங்காய் ஊறுகாயைக் கொஞ்சம் எட்டி வைக்கச் சொல்.