நம் வீட்டுக் குழு: கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகு

செல்வி அத்தை: கார்த்தி, வெள்ளிக்கிழமை இரவு நாகர்கோவிலில் எஸ்.இ.டி.சி. பஸ் ஏறுகிறோம். விடிந்தால் கிளாம்பாக்கம். அங்கிருந்து திருமங்கலம் மண்டபத்துக்கு எப்படி வர வேண்டும்? மாமா இப்போதே ஆட்டோ என்று ஆரம்பித்துவிட்டார்.

முருகேசன் மாமா: திருமங்கலம் மதுரைக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது? வழியிலேயே இறங்கிவிடலாமே 😀

கார்த்தி: மாமா, இது அண்ணா நகர் பக்கத்துத் திருமங்கலம். உங்கள் போனில் ‘சென்னை ஒன்று’ செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். விமான நிலையம் வரை மாநகர பஸ், பிறகு மெட்ரோ, ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறினால் நேராகத் திருமங்கலம். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர். 2025 செப்டம்பரில் தொடங்கினார்கள்.

முருகேசன் மாமா: அப்படியானால் நாகர்கோவிலிலேயே அதில் எடுத்துவிடுகிறேன்.

கார்த்தி: முடியாது மாமா, அது சென்னை வட்டாரத்துக்கு மட்டும். எஸ்.இ.டி.சி.க்குத் தனியாகத்தான் முன்பதிவு.

முருகேசன் மாமா: பிறகென்ன ஒரே டிக்கெட்! 700 கிலோமீட்டருக்கு ஒன்று, கடைசி முப்பது சொச்சத்துக்கு இன்னொன்று.

பெரியப்பா: மாப்பிள்ளை, கண்டக்டர் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேளுங்கள். நான் சேர்ந்தபோது பஸ் பெயர் கட்டபொம்மன். 1983இல் குமரி மாவட்டத்துக்கு நேசமணி என்று தனியாகப் பிரித்தார்கள். மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், சென்னைக்குப் பல்லவன். ‘பாண்டியன் போய்விட்டானா?’ என்றுதான் ஸ்டாண்டில் கேட்பார்கள். 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தபோது தென்மாவட்டங்களில் கலவரம். அந்த வருடமே எல்லாக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மீனா: பல்லவனும் அப்போதுதான் மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனதா பெரியப்பா?

பெரியப்பா: ஆமாம் அம்மா. மற்றவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், பின்னால் ஊர்ப் பெயர். பெயரை ஒன்றாக்க நாலு டப்பா பெயின்ட் போதும். வசூலும், டிக்கெட் கணக்கு எழுதும் வே பில்லும் இன்றைக்கும் கழகத்துக்குக் கழகம் தனி. இப்போது எட்டுக் கழகங்கள். அவற்றோடு மெட்ரோவும் ரயில்வேயும் சேர்ந்து, ஒருவர் கொடுத்த 50 ரூபாயில் யாருக்கு எவ்வளவு என்று தினமும் பிரிக்க வேண்டும். சென்னைக்குள் அந்தக் கணக்கைப் பிடித்ததே பெரிய காரியம். நாகர்கோவில் வரை இழுப்பதற்குள் நான் இருக்கமாட்டேன்.

மீனா: பெரியப்பா!! 🙏 மாமா, போனில் சார்ஜ் நிற்காது என்றால் சிங்காரச் சென்னை அட்டை இருக்கிறது. மெட்ரோவில் 2023இலிருந்து, மாநகர பஸ்ஸில் 2025 ஜனவரியிலிருந்து. பெங்களூரு, டெல்லி மெட்ரோவிலும் அதே அட்டை செல்லும். என்னுடையதைத் தருகிறேன்.

செல்வி அத்தை: நீங்கள் செயலி, அட்டை என்று அடித்துக்கொள்ளுங்கள். பஸ் முகத்தில் பிங்க் பெயின்ட் இருந்தால் நான் ஏறிவிடுவேன், காசு கிடையாது. சென்னையிலும் அப்படித்தானே?

கார்த்தி: அப்படித்தான் அத்தை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ் மட்டும் இலவசம். சிவப்பு டீலக்ஸில் தெரியாமல் ஏறிவிடாதீர்கள், குறைந்தபட்சமே 11 ரூபாய். சாதாரண பஸ்ஸில் மாமாவுக்கு 5.

மீனா: என்னைக் கேட்டால், இத்தனை வருடத்தில் நம் பஸ்களுக்குச் செய்ததில் உருப்படியான விளம்பரம் அந்தப் பிங்க் பெயின்ட்தான். 2021இல் இலவசம் வந்தது, 2022இல்தான் நிறம் வந்தது. இடையில் ஒரு வருடம், சாதாரண பஸ்தானா என்று தெரிந்துகொள்ள ‘வெள்ளை போர்டா?’ என்று கேட்டுக் கேட்டு ஏறினோம். கேட்டால் கண்டக்டர் முறைப்பார். இப்போது எங்கள் தெருப் பூக்கார அம்மா பலகையைப் பார்ப்பதே இல்லை. சிக்னலில் நிற்கும்போதே நிறத்தைப் பார்த்துக் கூடையைத் தூக்கிவிடுகிறார்.

பெரியப்பா: முறைத்தவர்கள் நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர்கள். செல்வி, காசில்லை என்று சும்மா உட்காராதே, சீட்டைக் கேட்டு வாங்கு. அந்தச் சீட்டு எண்ணிக்கையை வைத்துத்தான் அரசு கழகத்துக்குப் பணம் தருகிறது. நீ வாங்காமல் விட்டால் அந்த பஸ் காலியாக ஓடியதாகக் கணக்கு.

செல்வி அத்தை: வாங்குகிறேன் அண்ணா. போன தடவை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன்.

பெரியப்பா: இறங்கும்வரை கையில் வைத்திரு. செக்கிங் ஏறினால் அதைத்தான் கேட்பான்.

முருகேசன் மாமா: நான் மெட்ரோவில்தான் வருவேன். குளுகுளு என்று இருக்கும். மீனா, அட்டையை வாசலுக்கே கொண்டுவந்துவிடு.

மீனா: கிளாம்பாக்கத்துக்கா மாமா? விடியற்காலையிலா? கவுண்டரில் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் 😅

செல்வி அத்தை: அவர் எதிலாவது வரட்டும். நான் 70வி பிடித்துக் கோயம்பேட்டில் இறங்கிக்கொள்கிறேன். நேந்திரங்காய் சிப்ஸ் டின் இரண்டும் என்னோடுதான் வரும். மெட்ரோவில் பையை மெஷினில் விடு, திற என்று நிற்க வைப்பார்கள்.

கார்த்தி: இரண்டு டின்னா? அத்தை, கோயம்பேட்டு ஸ்டாப்பில் நான் நிற்கிறேன்.

முருகேசன் மாமா: எனக்கு யாரும் வரமாட்டீர்களா?