மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும் கொலையாளி

நண்பர்களே, முதல்முறையாக ஒரு மர்மக் கதை எழுதுகிறேன், முழி பிதுங்குகிறது. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும் என்பது 1929இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் முதலாவது. அதை நம்பித் தோட்டக்காரரை முதல் காட்சியிலேயே கொண்டுவந்தேன். அவர் இடக்கையால் பூட்டைத் திறப்பதாக ஒரு வரி, அதுதான் துப்பு. கதையைப் படித்துப் பார்த்த என் தங்கை, "இவர்தானே கொன்றது?" என்று மூன்றாம் பக்கத்திலேயே கேட்டுவிட்டாள். அந்த வரியை நீக்கினால் முடிவு வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கிறது. போலித் துப்புகளைத் தூவிப் பார்த்தேன். எது எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது. (துப்பறிபவரைவிட நான்தான் அதிகம் குழம்புகிறேன்.) நீங்கள் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பின்னோக்கி வருவீர்களா? உண்மையான துப்பை எங்கே ஒளித்துவைப்பீர்கள்? எழுதிப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.