கோண்டாவில் வீட்டுக் குழு: பெறுபேறு வந்த காலை

(யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கும் அம்மப்பாவும், அவுஸ்திரேலியாவில் டபோ, சிட்னியின் துங்காபி, மெல்பேர்ண் ஆகிய இடங்களில் இருக்கும் அவருடைய குடும்பத்தினரும் பேசுகிற செய்திக் குழு. நேரங்கள் சிட்னி நேரம்.)

மாமி (டபோ), காலை 6.09
எல்லோருக்கும் வணக்கம். மகளின் எச்.எஸ்.சி. (12ஆம் வகுப்பு இறுதிப் பரீட்சை) பெறுபேறு ஆறு மணிக்கு வந்துவிட்டது. நீங்கள் அனைவரும் ஆண்டு முழுவதும் விசாரித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பாடத்தில் 90 புள்ளி பெற்று, அதியுயர் நிலையான பாண்ட் 6க்குள் வந்திருக்கிறாள். மாமா, ஊரில் இப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நீங்கள் விடிந்த பிறகு பார்த்தால் போதும்.

அம்மப்பா (கோண்டாவில்), காலை 6.13
நான் உறங்கவில்லை, பிள்ளை. இங்கே பன்னிரண்டே முக்கால் ஆகிறது. பேத்திக்கு என் ஆசிகளைச் சொல்லவும். ஆனால் அந்த 90 எப்படி வந்தது என்பதை எனக்கு விளக்கமாக எழுத வேண்டும். அவள் நாள்தோறும் போய்வருகிற பாடசாலையில் பிரெஞ்சு படிப்பிக்க ஆளில்லை என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியானால் புள்ளி போட்டவர் யார்?

அம்மா (துங்காபி), காலை 6.15
மச்சாள், மிகவும் சந்தோஷம். 🎉🎉🎉

அம்மப்பா (கோண்டாவில்), காலை 6.16
மகள், இந்தக் குழுவில் வசனம் எழுதுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

அம்மா (துங்காபி), காலை 6.20
சரி, அப்பா. மச்சாள், பக்கத்தில் பிரெஞ்சு பேசுகிற ஒருவர்கூட இல்லாத ஊரிலிருந்துகொண்டு உங்கள் மகள் இந்தப் புள்ளியை எடுத்திருக்கிறாள் என்பதை நினைக்கும்போது, மற்றப் பாடங்களில் என்ன வந்தது என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

மாமி (டபோ), காலை 6.41
மாமா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவள் படிக்கும் பாடசாலை டபோவில் இருந்தாலும், பிரெஞ்சை மட்டும் சிட்னியில் பீற்றர்ஷாமில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மொழிகள் பாடசாலையின் வழியாகத் தொலைக்கல்வி முறையில் படித்தாள். அது அரசாங்கப் பாடசாலை. முன்னர் ஓப்பன் ஹைஸ்கூல் என்ற பெயரில் இருந்தது. தங்கள் பாடசாலையில் விரும்பிய மொழி இல்லாத 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையான பிள்ளைகள், மற்றப் பாடங்களையெல்லாம் சொந்தப் பாடசாலையில் படித்துக்கொண்டு, இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் அங்கே பதிவுசெய்துகொள்ளலாம். பாடக் குறிப்புகளும் ஒப்படைகளும் இணையத்தில் வரும். வாரத்தில் ஒரு தடவை ஆசிரியையோடு நேரடியாகப் பேச வேண்டும்.

எச்.எஸ்.சி. புள்ளியில் பாதி அந்த ஆண்டு பாடசாலை வைத்த மதிப்பீடு, மற்றப் பாதி பொதுப் பரீட்சை. மதிப்பீட்டைப் பீற்றர்ஷாம் ஆசிரியர்கள்தான் செய்தார்கள். மாநிலம் முழுவதிலுமிருந்து அங்கே அதே பாடத்தைப் படித்த பிள்ளைகளோடு சேர்த்து இவளையும் ஒரே வகுப்பாகக் கருதி வரிசைப்படுத்தினார்கள். பிறகு அந்த வகுப்புப் பொதுப் பரீட்சையில் எப்படிச் செய்தது என்பதைப் பார்த்து, பாடசாலை கொடுத்த புள்ளிகளைப் பரீட்சைச் சபை சீர்செய்கிறது. ஆகவே ஆசிரியை தாராளமாகப் போட்டாலும், இறுக்கிப் பிடித்தாலும் பிள்ளைக்கு நட்டமில்லை. இவளுக்கு மதிப்பீட்டில் 88, பரீட்சையில் 91. சராசரி 89.5 என்பதால் 90 ஆக்கினார்கள். அந்த அரைப் புள்ளிக்காக இன்று காலை இந்த வீட்டில் நடந்த ஆட்டத்தை நான் எழுதப்போவதில்லை.

பெரிய மாமா (மெல்பேர்ண்), காலை 6.58
தங்கச்சி, வாழ்த்துகள். அப்பா, இங்கே விக்ரோறியாவிலும் இதே மாதிரியான ஏற்பாடு இருக்கிறது. 1935இல் தொடங்கிய விக்ரோறிய மொழிகள் பாடசாலை, சனிக்கிழமை வகுப்பு, தொலைக்கல்வி என இரண்டு வழியிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறது. ஆனால் மொழி படிக்கிற பிள்ளைக்கு எங்கள் மாநிலம் ஓர் ஊக்கமும் கொடுக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காகப் புள்ளிகளைச் சீர்செய்யும்போது, ஒவ்வொரு மொழிப் பாடத்தின் சராசரியிலும் 5 கூட்டுகிறார்கள். அந்தச் சலுகை டபோப் பிள்ளைக்குக் கிடையாது. நியூ சவுத் வேல்ஸில், ஒரு பாடத்தை எடுத்த மாணவர்கள் தங்கள் மற்றப் பாடங்களில் எவ்வளவு திறமையாகச் செய்தார்கள் என்பதைக்கொண்டே அந்தப் பாடத்தின் பெறுமதியைக் கணக்கிடுகிறார்கள். எனவே இவளுடைய 90 எந்தக் கைலாகும் இல்லாமல் வந்த 90.

அம்மப்பா (கோண்டாவில்), காலை 7.20
விளக்கம் எனக்குத் திருப்தியாக இருக்கிறது. தூர இருந்து படித்துப் பரீட்சை எழுதுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல என்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகம் 1858இலேயே வெளிவாரிப் பட்டங்களைத் தொடங்கிவிட்டது. 1921இல் கொழும்பில் திறந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை, லண்டன் பரீட்சைக்குத்தான் மாணவர்களை ஆயத்தப்படுத்தியது. கொழும்புக்குப் போக வசதியில்லாத என் ஐயா, பகலில் படிப்பித்துக்கொண்டு, கப்பலில் வந்த அஞ்சல் பாடங்களைப் படித்தே லண்டன் பரீட்சை எழுதினார். இலத்தீனை இலக்கணப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த அவர், அதை ஒருவர் வாய்விட்டுப் பேசக் கேட்டதே இல்லை.

இலத்தீனுக்கு அது குறையல்ல. பிரெஞ்சுக்கு அப்படி இருக்க முடியாதே? எழுத்துத் தாளில் எடுத்த புள்ளியைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவள் உழைப்பாளி. வாய்மொழிப் பரீட்சையை எப்படிச் சமாளித்தாள் என்பதை அவளே எழுதட்டும்.

நான், காலை 7.34
அம்மப்பா, எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் அஞ்சல் பாடங்களின் பழைய வரலாறு உண்டு. ஆட்டுப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகளுக்காக 1916இல் அஞ்சல்வழிக் கற்பித்தலைத் தொடங்கி, 1924இல் சிட்னியில் பிளாக்பிரையர்ஸ் என்ற இடத்தில் அதற்கெனத் தனிப் பாடசாலையே வைத்தார்கள். நீங்கள் சொன்ன குறை அங்கேயும் இருந்திருக்க வேண்டும். கணக்கையும் வரலாற்றையும் கடிதத்தில் அனுப்பலாம், உச்சரிப்பை அனுப்ப முடியாது.

நான் தமிழை எச்.எஸ்.சி. பாடமாக எடுத்தபோது சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அங்கே வாயைத் திறந்தால் பதில் சொல்ல ஒரு வகுப்பே இருந்தது. வீட்டுக்கு வந்தால் அம்மா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள். அப்படியிருந்தும் வாய்மொழிப் பரீட்சையில், உரையாடல் முடிந்து நாங்கள் ஆழமாகப் படித்த விடயத்தைப் பற்றிய கலந்துரையாடல் தொடங்கியபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டபோவிலிருந்து சிட்னி 400 கிலோமீற்றர் அளவு தூரம். சனிக்கிழமைதோறும் எந்தப் பிள்ளையும் வந்துபோக முடியாது. அதனால்தான் மச்சாள் பெற்ற புள்ளியை நான் என் புள்ளியைவிட ஒரு படி மேலே வைக்கிறேன்.

மச்சாள் (டபோ), காலை 8.02
அப்பப்பா, நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் அம்மா திருத்துகிறார்.

பாடசாலை நூலகத்துக்குப் பக்கத்தில் அச்சியந்திரம் வைத்திருக்கும் ஒரு சிறிய அறை இருக்கிறது. வாரந்தோறும் அங்கே தலையணி ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு தனியாக இருந்து ஆசிரியையோடு பேசுவேன். யாராவது அச்செடுக்க வந்தால், நான் சுவரோடு பிரெஞ்சு பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். முதல் தவணையில் நான் எல்லாப் பதில்களையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஆசிரியைக்கு அது இரண்டாவது வசனத்திலேயே தெரிந்துவிடும். உடனே இடைமறித்து, நான் ஆயத்தம் செய்யாத ஒரு கேள்வியைக் கேட்பார். "என் குடும்பத்தில் நான்கு பேர்" என்று தொடங்கினால், "அந்த நால்வரில் யார் அதிகமாகப் பொய் சொல்வார்?" என்பார். எனக்கு அழுகை வரும். ஆண்டு முழுவதும் அவர் அப்படித்தான் செய்தார். நான் அனுப்பிய குரல் பதிவுகளுக்கும் எழுத்தில் மறுமொழி வராது. நான் தவறாகச் சொன்ன மூக்கொலியைத் தானே சொல்லிக் காட்டி, அதை மூன்று வசனங்களில் வைத்து, பதிவாகவே திருப்பி அனுப்புவார்.

பரீட்சை ஏறக்குறைய பத்து நிமிடம், 20 புள்ளி. பேசுவதையெல்லாம் பதிவுசெய்வார்கள் என்பதால் எங்கள் பெயரையோ பாடசாலையின் பெயரையோ சொல்லக் கூடாது. வார இறுதியில் என்ன செய்வாய் என்று பரீட்சகர் கேட்டார். எங்கள் ஊர் மிருகக்காட்சிசாலையின் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறேன் என்றேன். அத்தோடு குடும்பம், பொழுதுபோக்கு, எதிர்காலம் என்று நான் ஆயத்தம் செய்ததெல்லாம் போயிற்று. ஒட்டகச்சிவிங்கியை ஆபிரிக்காவிலிருந்து இவ்வளவு தூரத்தில் வைத்திருப்பது நியாயமா, நீ அதிகாரியாக இருந்தால் என்ன மாற்றுவாய் என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நான் இரண்டு தடவை வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். ஆனால் நிற்கவில்லை. வெளியே வந்த பிறகுதான், எங்கள் ஆசிரியை ஏன் அவ்வளவு கொடுமைப்படுத்தினார் என்பது விளங்கியது.

அம்மப்பா (கோண்டாவில்), காலை 8.15
அந்த ஆசிரியைக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். நான் இளம் வயதில் படிப்பித்தபோது பிள்ளைகளை இடைமறித்ததற்காகப் பெற்றோர் அதிபரிடம் முறையிட்டிருக்கிறார்கள். யார் அதிகமாகப் பொய் சொல்வார் என்ற கேள்விக்கு நீ என்ன மறுமொழி சொன்னாய் என்பதையும் எழுதியிருக்கலாம்.

மச்சாள் (டபோ), காலை 8.17
தம்பி என்று சொன்னேன், அப்பப்பா. அதற்குக் காரணமும் பிரெஞ்சில் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மா (துங்காபி), காலை 8.26
சின்னவனின் செய்தி என்ன, மச்சாள்? அவனும் அதே தொலைக்கல்வியில் யப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தான் அல்லவா?

மாமி (டபோ), காலை 8.49
அவன் 10ஆம் வகுப்பை முடித்துவிட்டான். ஆண்டிறுதி அறிக்கையில் யப்பானிய ஆசிரியர் நல்லதும் எழுதியிருக்கிறார், உண்மையும் எழுதியிருக்கிறார். ஹிரகானா, கட்டகானா என்ற இரண்டு எழுத்துவரிசைகளையும் தடுமாற்றமில்லாமல் வாசிக்கிறான், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளில் ஆர்வம் காட்டுகிறான், ஒப்படைகளைத் தவணை முடிகிற வாரத்தில் ஒன்றாகச் சேர்த்து அனுப்புகிறான் என்பது அதன் சாரம். பேச்சுப் பதிவுகளையெல்லாம் அவன் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் இருந்துதான் செய்வான். வீட்டுக்குள் அக்கா பிரெஞ்சில் கத்திக்கொண்டிருப்பாளாம். மாலை நேரத்தில் மரத்துக்கு வருகிற கலாக் கிளிகளின் சத்தம் பதிவில் விழுந்து, அடுத்த தடவை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசும்படி ஆசிரியர் ஒருமுறை எழுதியிருந்தார்.

தொலைக்கல்வியில் எனக்கு உள்ள ஒரே மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று தள்ளுகிற ஆசிரியர் இல்லாததால், அந்தத் தள்ளுகிற வேலை தாயின் தலையில் விழுகிறது. மகளுக்கு அது தேவைப்படவில்லை. இவனுக்கு ஒவ்வொரு ஞாயிறும் தேவைப்படுகிறது.

பெரிய மாமா (மெல்பேர்ண்), காலை 9.03
அப்படியானால் 11ஆம் வகுப்பில் அவனை யப்பானியத் தொடக்கநிலைப் பாடத்தில் சேர்த்துவிடலாமே, தங்கச்சி? ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பப் படித்து நல்ல புள்ளி எடுப்பான்; உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இருக்கும்.

மாமி (டபோ), காலை 9.10
அத்தான், அந்தக் கதவை அவர்கள் முன்னரே பூட்டிவைத்திருக்கிறார்கள். தொடக்கநிலைப் பாடம் அந்த மொழியை அறியாத பிள்ளைகளுக்கு மட்டுமே. உயர்நிலை வகுப்புகளில் 100 மணித்தியாலத்துக்கு மேல் படித்தவர்கள் அதை எடுக்க முடியாது. இவன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டான். எடுத்தால் அக்காவைப் போலத் தொடர்நிலைப் பாடத்தைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மொழியை விட்டுவிட வேண்டும். விண்ணப்பத்தில் அவனுடைய சொந்தப் பாடசாலை அதிபரின் சம்மதமும் வேண்டும். விடுமுறைக்கு மூடுவதற்கு முன்னர் அதைக் கையளிக்கும்படி நேற்றுத் தொலைபேசியில் நினைவூட்டினார்கள்.

நான், காலை 9.18
மாமி, அவன் விடக் கூடாது என்பதுதான் என் அபிப்பிராயம். ஒப்படை அனுப்பப் பிந்துவது பழக்கத்தின் குறை, அதைத் திருத்தலாம். காருக்குள் இருந்து தானாகவே பதிவுசெய்கிற பிள்ளைக்கு மொழியில் விருப்பம் இருக்கிறது. அதை யாராலும் ஊட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் காவலை நான் பொறுப்பேற்கிறேன். எனக்கு யப்பானியம் தெரியாது. ஆனால் ஒப்படை அனுப்பியாயிற்றா என்று கேட்க அது தெரிய வேண்டியதில்லை.

அம்மப்பா (கோண்டாவில்), காலை 9.25
பிள்ளை, உங்கள் மருமகன் சொல்வது சரி என்று நானும் சொல்லியிருப்பேன். அவன் என் பேரன் என்பதால் இன்னும் சரியாக இருக்கிறது. என் தீர்மானத்தையும் பதிவுசெய்கிறேன். சின்னவன் தொடர்வதாக இருந்தால், மாதத்தில் ஒரு ஞாயிறு என்னோடு பேசும்போது, அந்த மாதம் படித்ததை முதலில் யப்பானியத்திலும் பிறகு தமிழிலும் எனக்குச் சொல்ல வேண்டும். நான் இடைமறித்துக் கேள்வி கேட்பேன். இப்போது எனக்கு உறக்கம் வருகிறது.

மாமி (டபோ), காலை 9.31
நன்றி, மாமா. படிவத்தில் நான் கையெழுத்திட்டுவிட்டேன். நாளைக் காலை அதிபரின் அலுவலகத்தில் கொடுத்துவிடுவேன். இவ்வளவையும் நாங்கள் தீர்மானித்துவிட்டோம் என்பது சின்னவனுக்குத் தெரியாது. அவன் இன்னும் எழும்பவில்லை.