புதுப்பிப்பு: ஃபின்ஃபெட் துடுப்பின் வடிவமும் கசிவு மின்னோட்டமும்

மேலெழுந்து நிற்கும் மெல்லிய சிலிக்கான் துடுப்பின் வழியே மின்னோட்டம் பாயும் டிரான்சிஸ்டரான ஃபின்ஃபெட்டின் என் கணினி உருவகப்படுத்தலில் கசிவு மின்னோட்டம் அளவீட்டைவிட மிகக் குறைவாக வருவது ஏன் என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. துடுப்பை மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள செவ்வகமாக வரைந்திருந்தேன், ஆனால் உண்மையில் பொறித்தெடுத்த துடுப்பு அடிப்பகுதியில் அகன்று சரிவகமாக இருப்பதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்முனையான கேட்டின் பிடி அங்கே தளர்ந்து, டிரான்சிஸ்டர் அணைந்த நிலையிலும் மின்னோட்டம் அவ்வழியே கசிகிறது. உச்சியில் 6, அடியில் 10 நானோமீட்டர் என்று மாற்றியதும், கசிவு முழுவதும் அடிப்பகுதிக்கு இறங்கியதைத் திரையில் கண்ணாரக் கண்டேன்.

அதற்காக அகலத்தைக் குறைத்துக்கொண்டே போகவும் முடியாது. குவாண்டம் அடைப்பால், அதாவது மிகக் குறுகிய இடத்தில் எலெக்ட்ரான் அடைபடுவதால், அதன் அடிமட்ட ஆற்றல் அகலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் உயர்வதால், 8 நானோமீட்டர் 4 ஆகும்போது அது ஏறத்தாழ நான்கு மடங்காகி, டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் த்ரெஷோல்டு மின்னழுத்தத்தையும் உயர்த்துகிறது. ஒரு நானோமீட்டர் பிழை மெல்லிய துடுப்பில்தான் மிகுதியாகப் பாதிக்கும். ஆகவே குவாண்டம் திருத்தத்தையும் சேர்த்து, துடுப்பின் விளிம்பு சீரற்றிருக்கும் ஓர நெளிவுக்கான அடுத்த ஓட்டத்தைத் தொடங்கியிருக்கிறேன்.